கரண்ட் போயிருச்சு

கத்திரிக்காய் கொண்டுவரும் வான ஊர்தி இறங்குவதற்குள் கம்பியில் காயும் துணியை எடுத்துவிட வேண்டும் என்பது 'சமுத்திர விலாஸ்' குடியிருப்போர் சங்கத்தின் முதல் விதி. துணியை எடுக்கச் சொல்லி மணி அடிப்பது தள மேற்பார்வையாளர் தொம்மையின் வேலை. அவருக்கு இருந்த ஒரே வேலையும் அதுதான். அன்று காலை மணி அடிக்கவில்லை. வானத்தில் புள்ளி தெரிந்ததும் பெண்களும் ஆண்களும் தாங்களே ஓடிவந்து, தொம்மையைத் திட்டிக்கொண்டே, சேலை வேட்டிகளை உருவிக்கொண்டு போனார்கள். பச்சைக் கட்டம் போட்ட போர்வை ஒன்று மட்டும் மூன்றாவது கம்பியில் தொங்கியது. நனைந்தால் ஓர் ஆட்டுக்குட்டியின் கனம் கனக்கும் அந்தப் போர்வை தொம்மையுடையது.

ஊர்தி வந்தது. வாலிலிருந்த கொக்கி கம்பியைப் பிடிப்பதற்குப் பதிலாகப் போர்வையைப் பிடித்தது.

சமுத்திர விலாஸ் ஒரு காலத்தில் விமானந்தாங்கிப் போர்க்கப்பல். நாடுகள் அடித்துக்கொள்வதை நிறுத்திவிட்டன என்று நினைக்க வேண்டாம். அடித்துக்கொள்ள இவ்வளவு பெரிய சாமான் தேவையில்லை என்று கண்டுபிடித்துவிட்டன, அவ்வளவுதான். கடல் ஏறி ஊர்களைத் தின்னத் தொடங்கியபோது இந்தக் கப்பல்கள் பழைய இரும்பு விலைக்கு வந்தன. தூத்துக்குடிக்காரர்கள் சிலர் கூட்டுச் சேர்ந்து ஒன்றை வாங்கினார்கள். குண்டு அடுக்கியிருந்த அறைகளில் அடுப்பு வைத்தார்கள். நடுக்கடலில் நங்கூரம் பாய்ச்சி, அதற்கு மிதவூர் என்று பெயர் சொல்லிக் குடியேறினார்கள். வயிற்றில் அணு உலை இருந்ததால் விளக்கு அணைந்ததே இல்லை. காய்கறி, கடிதம், சொந்தக்காரர்கள் எல்லாம் ஊர்தியில் வந்து மேல்தளத்தில் இறங்கும். தளத்தின் குறுக்கே கட்டியிருந்த நான்கு எஃகுக் கம்பிகள் இரண்டு வேலை பார்த்தன. ஊர்தி வரும்போது அதை இழுத்து நிறுத்தின. மற்ற நேரத்தில் துணி காயப்போட உதவின. அவற்றைச் செய்தவர்கள் முதல் வேலையை மட்டும்தான் நினைத்திருந்தார்கள்.

கப்பலில் இறங்குவதில் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. தளத்தைத் தொட்டதும் வேகத்தைக் குறைக்கக் கூடாது; விசைப்பிடியை முழுக்கத் தள்ள வேண்டும். கொக்கி மாட்டினால் எவ்வளவு வேகத்தையும் கம்பி பிடித்து நிறுத்திவிடும். மாட்டாமல் போனால் அதே வேகத்தில் தளத்தின் மறுமுனையைத் தாண்டி மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வரலாம். வேகத்தைக் குறைத்தவனுக்குக் கடல்தான்.

போர்வையை இழுத்துக்கொண்டு ஓடிய ஊர்தி அப்படி எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை. வானொலியில் ஒரு குரல் நிதானமாக, "கரண்ட் போயிருச்சு" என்றது. உடனே ஊர்தியின் விளக்குகள் அணைந்தன, பொறி நின்றது. உருண்டு போய்த் தளத்தின் முனையிலிருந்த தடுப்பு வலையைப் பாதி கிழித்து, மூக்கைக் கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது. கதவு திறந்து கத்திரிக்காய்கள் தளமெங்கும் உருண்டோடின. ஆள் யாரும் உள்ளே இல்லை என்பது ஒன்றுதான் நல்ல சேதி.

இத்தனையும் நடந்தபோது தொம்மை மேற்பார்வை அறையில், அகன்ற கண்ணாடிச் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கப்பலில் விமானம் இறக்கும் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்.

'தளமிறங்கு' என்று அதற்குப் பெயர். ஊர்திக் கம்பெனியே எல்லா மிதவூர்களுக்கும் இலவசமாகக் கொடுத்தது. திரையில் அலை புரளும், வானம் சிவக்கும், சொந்தக் கப்பலே அச்சு அசலாக ஆடும். முதுகுக்குப் பின்னால் உண்மை அலையும் உண்மை வானமும் உண்மைக் கப்பலும் சும்மா கிடந்தன. ஆனால் அவை அவ்வளவு தத்ரூபமாக இல்லை என்பது தொம்மையின் அபிப்பிராயம். அந்த விளையாட்டில் அவர்தான் கப்பலுக்கு முதலிடம். 'பூரணர்' என்ற பட்டமே வைத்திருந்தார்; ஒருமுறைகூட விழாதவருக்குக் கொடுப்பது. அந்தப் பட்டத்துக்காகத்தான் சங்கம் இந்த வேலையைக் கொடுத்தது. திரையில் பறப்பவரைத் தளத்தில் வைத்தால் தளம் பத்திரமாக இருக்கும் என்று பொதுக்குழுவில் கைதூக்கித் தீர்மானித்த ஜனங்கள் அவர்கள்.

சங்கச் செயலாளர் கோமதி இடுப்பில் ஒரு கத்திரிக்காய்க் கூடையோடு உள்ளே வந்தாள். அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் மனிதர்களைக் காக்கவைத்துப் பழகிய முகம்.

"நேராச் சொல்லுதேன் அண்ணாச்சி, நேராப் பதில் சொல்லுங்க. மணி அடிச்சீயளா?"

"அடிக்கிற மாதிரிதான் இருந்துச்சு."

"அடிச்சீயளா, அடிக்கலியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல செக்ரட்டரியம்மா. பாத்துக்கிடலாம்."

"என்னத்த பாக்க? போர்வையையா? அது பாதி கடல்ல மெதக்கு." கூடையை அவர் மடியில் வைத்தாள். "பெறக்குங்க. மத்தியானம் நாப்பத்திரெண்டு வீட்டுக்கும் நசுங்குன கத்திரிக்காதான்."

தொம்மை பொறுக்கினார். குனிந்து நிமிரும்போதெல்லாம் தம் நியாயத்தைத் தேடினார், கிடைக்கவும் செய்தது. போர்வை அவர் தவறு, சரி. ஆனால் கம்பியைத் தவறவிட்ட ஊர்தி எழும்பிப் போகாமல் விளக்கை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தது யார் தவறு? போன மாதம் தபால் ஊர்தியும் அலை எழும்பிய நாளில் இதையேதான் செய்தது. அன்று பழி போடப் போர்வையும் இல்லை. "கரண்ட் போயிருச்சு" என்று சொல்லிக் கடிதங்களோடு கடலில் இறங்கிவிட்டது. அப்போதும் கம்பெனி ஆட்கள் அதைத் தூக்கியெடுத்து மின்கலத்தை மாற்றிவிட்டுப் போனார்கள். இன்றும் படகில் வந்து, ஊர்தியைத் தளத்தின் ஓரத்துக்கு இழுத்துப் போட்டார்கள். நிறைந்திருந்த மின்கலத்தை எடுத்துவிட்டு, நிறைந்த இன்னொன்றை வைத்தார்கள்.

"பேட்டரி ஃபுல்லா இருந்துச்சே தம்பி" என்றார் தொம்மை.

"ஓட்டுனதே கரண்ட் போயிருச்சுன்னு சொல்லுது. அதைவிட உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றான் கம்பெனி ஆள்.

ஓட்டியது மனிதன் அல்ல, வலவன். உருவமில்லாத கணினி ஓட்டுநர். சமுத்திர விலாஸுக்கு வந்துபோகும் எல்லா ஊர்திகளையும் ஒரே வலவன்தான் ஓட்டும். மேற்பார்வை அறை வானொலியில் கூப்பிட்டாலும் அதுதான் பேசும். தொம்மை கூப்பிட்டார்.

"ஏம்வே வலவன், காலையில என்ன நடந்துச்சு?"

"இறங்குற மாதிரிதான் இருந்துச்சு அண்ணாச்சி."

"பெறகு ஏன் இறங்கல?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பாத்துக்கிடலாம்."

"சாயங்காலம் எங்க வீட்டுக்காரி வாரா. எம் மக பெல்சி கைப்பிள்ளையோட வாரா. அதையும் நீதான ஓட்டுத? ஒழுங்கா எறக்குவியா?"

"அப்படித்தான் நெனைக்கேன் அண்ணாச்சி. பாப்போம்."

எங்கோ கேட்ட பேச்சாக இருக்கிறதே என்று தொம்மை நினைத்தார். நேராக ஒரு பதில் சொல்லாத இந்தச் சாமானை யார் வளர்த்தார்களோ என்று காறித் துப்ப வந்தது. கரைக்குத் தொலைபேசினார். மனைவி பிரகாசி எடுத்தாள்.

"நாளைக்கு வாங்களேன்."

"ஏறி உக்காந்தாச்சு. கதவையும் பூட்டிட்டான். போர்வையைக் காயப்போட்டீயளா?"

"போட்டேன்."

"எடுத்தீயளா?"

"எடுத்த மாதிரிதான்..." ஊர்தி கிளம்பிய இரைச்சலில் தொடர்பு அறுந்தது.

திரும்பிப் போகச் சொல்லவும் வழியில்லை. ஊர்தியில் ஏற்றும் மின்சாரம் கப்பல் வந்து சேரவும், ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றவும்தான் போதும். திரும்புவதற்கு இங்கேதான் ஏற்றிக்கொள்ள வேண்டும். கிழிந்த தடுப்பு வலைக்குப் பதிலாக வரும் புது வலையும் அதே ஊர்தியில்தான் வந்துகொண்டிருந்தது. இப்படித் திட்டம் போட மனிதனால்தான் முடியும்.

இரண்டு மணி நேரம் இருந்தது. மனைவி, மகள், இன்னும் முகம் பார்க்காத பேத்தி மூவரும் கடலுக்கு மேல் வந்துகொண்டிருக்க, ஒரு தகப்பன் என்ன செய்வான்? தொம்மை ஓர் ஆட்டம் போட உட்கார்ந்தார். மனிதர்களை இதற்குமேல் மட்டமாக எழுத முடியாது. ஆனால் அவர் வேறு என்ன செய்திருக்கலாம் என்று யோசித்தால் நமக்கும் ஒன்றும் தோன்றுவதில்லை.

எதிராட்டத்துக்குச் சேர்ந்தது 'சுண்டெலி'. இரண்டாம் இடத்தில் இருக்கும் ஆள், யாரென்று தெரியாது. எல்லாரும் புனைபெயரில்தான் ஆடுவார்கள். சுண்டெலிமேல் தொம்மைக்குப் பெரிய இளக்காரம். அடிக்கடி விழும். விழுந்தாலும் விட்டுப் போகாது. தண்ணீர் கண்ணாடியை மூடி, திரை கறுத்து, 'பூஜ்யம்' என்று எழுத்து வரும்வரை உட்கார்ந்து பார்க்கும். மானம் கெட்ட ஜென்மம்.

தொம்மையின் விமானம் அலை தூக்கியதில் கம்பி நான்கையும் தவறவிட்டது. அவருடைய இடதுகைக் கட்டைவிரல், யாரும் சொல்லாமலே, ஓரத்திலிருந்த 'வெளியேறு' பொத்தானுக்குப் போனது. விழுவதற்கு முன்னால் வெளியேறிவிட்டால் அந்த ஆட்டம் கணக்கில் வராது. பொத்தானை அமுக்கிக்கொண்டே ஒலிவாங்கியில், எத்தனையோ வருடமாகச் சொல்லிவரும் அதே சொல்லைச் சொன்னார்:

"கரண்ட் போயிருச்சு."

சொன்ன வாய் திறந்தபடியே நின்றது.

மிதவூரில் கரண்ட் போனதே கிடையாது. அங்கே பிறந்தவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம்கூடத் தெரியாது. கரையில் வாழ்ந்த அப்பாவிடமிருந்து அவருக்கு வந்த சொத்து அது. கப்பலில் அதைச் சொல்லுகிற நாக்கு ஒன்றே ஒன்று.

அவர் கோமதியைத் தேடி ஓடினார். அவள் எதையோ அவசரமாக இடுப்பில் செருகிக்கொண்டு, கிழிந்த வலையைக் கயிற்றால் தைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செக்ரட்டரியம்மா, இந்த வலவன் எறங்குறதுக்கு எங்கன படிக்கி?"

கோமதி நிமிர்ந்து பார்த்தாள். "அந்த வெளையாட்டை எதுக்குச் சும்மா குடுக்கான்னு நெனச்சீய? ஒவ்வொரு கப்பலும் ஒவ்வொரு மாதிரி ஆடுமாம். அதனால அந்தந்தக் கப்பல்ல யாரு மொத இடமோ, அவரு கையப் பாத்துப் படிக்கும். கை மட்டுமில்ல, பேச்சையும் சேத்து எடுக்கானாம். அன்னன்னைக்கு ஆடுறது அன்னன்னைக்கே வலவனுக்குப் போயிருமாம். கூட்டத்துல சொன்னேனே அண்ணாச்சி. நீங்க அப்ப வெளையாடிக்கிட்டு இருந்தீய."

"ஓ."

"ஏன் கேக்கீய?"

"சும்மா. ஒரு சோதனை பண்ணணும்."

ஒப்புக்கொள்வதற்கு வேறு வார்த்தைகள் உண்டு; தொம்மையிடம் அவை இருப்பு இல்லை. அறைக்குத் திரும்பி, வேண்டுமென்றே விமானத்தைத் தாழ்த்தி, கப்பலின் பின்புறச் சுவரைப் பார்த்து ஓட்டினார். விழுந்து காட்ட வேண்டும். விழுந்த பிறகும் போகாமல் இருந்து காட்ட வேண்டும். வலவன் பார்க்கட்டும். சுவர் திரையில் பெரிதாகி வந்தது. கட்டைவிரல் பொத்தானை அமுக்கிவிட்டது. மறுபடி ஓட்டினார். மறுபடி விரல் முந்திக்கொண்டது. மூன்றாம் முறை விரலை வலதுகையால் பிடித்துக்கொண்டார். அப்போது விமானத்தைப் பிடிக்கக் கையில்லை.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கோமதி உள்ளே வந்தாள். விரல் ஓடிப்போவதை அவளும் பார்த்திருந்தாள்.

"எந்தப் பொத்தான்?"

"இது."

"இது எதுக்குன்னுதான் நானும்..." என்று ஏதோ சொல்லவந்து நிறுத்தினாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி, பொத்தானின் அடியில் கொடுத்து நெம்பினாள். அது தெறித்து மேசைக்கடியில் போனது. "இப்ப ஓட்டுங்க."

சுவர் வந்தது. விரல் வெறும் குழியை அமுக்கியது. விமானம் மோதித் தெறித்தது. தண்ணீர் ஏறி, கண்ணாடி மூடி, திரை கறுத்தது. 'பூஜ்யம்.' இத்தனை வருடத்தில் அந்த எழுத்தை அவர் தம் திரையில் பார்த்ததில்லை. வட்டமாக, பெரிதாக, யாரோ கேலி பண்ணுகிற மாதிரி இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில்: 'பூரணர் பட்டம் நீக்கப்பட்டது. வரிசை எண்: 118.' கப்பலில் ஆடுகிறவர்களே நூற்றுப்பதினெட்டுப் பேர்தான்.

அவர் நிறுத்தவில்லை. திரும்பத் திரும்ப விழுந்தார். கம்பியைத் தவறவிட்டுவிட்டு, விசைப்பிடியைத் தள்ளி எழும்பப் பார்த்து, எழும்ப முடியாமல் விழுந்தார். அதிலும் ஓர் உண்மை வெளியே வந்தது: எழும்பிப் பழக்கமே இல்லாததால் அவருக்கு எழும்பத் தெரியவில்லை. சேதி பரவி, மணி அடித்து அழைத்தாலும் வராத ஜனம் சன்னலில் வந்து கூடியது.

"லேய், அண்ணாச்சி விழுறாருல!"

"இவரா நம்ம பூரணர்? எங்க வீட்டுக் கோழி இதைவிட நல்லாப் பறக்கும்."

"சும்மா இருவே, மனுசன் அழுதுக்கிட்டு ஆடுதாரு."

அழவில்லை என்று தொம்மை சொல்ல நினைத்தார். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

வானத்தில் புள்ளி தெரிவதற்கு வெகுநேரம் முன்பே அவர் எழுந்துபோய் மணி அடித்தார். மணியின் நாக்கே கழன்றுவிடும்போல அடித்தார். கம்பிகளில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. கோமதி பக்கத்தில் வந்து நின்றாள். மேற்கே வெயில் சாய்ந்து, அலை கொஞ்சம் எழும்பத் தொடங்கியிருந்தது. அதுதான் தொம்மைக்குப் பிடிக்கவில்லை.

ஊர்தி நேராகத்தான் வந்தது. அது தளத்தைத் தொடப் போகும் நொடியில் ஓர் அலை கப்பலின் பின்பக்கத்தை இறக்கிவிட்டது. சக்கரங்கள் மூன்றாவது கம்பியைத் தாண்டி விழுந்தன. கொக்கி இரும்பில் பொறி பறக்க உரசிக்கொண்டு நான்காவது கம்பியையும் தாண்டியது. சன்னல் வழியே பிரகாசியின் முகம் ஒரு வெள்ளைத் துணுக்காகக் கடந்து போனது. முன்னே வலை இல்லை. கடல் இருந்தது.

தொம்மை வானொலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வலவன் வாய் திறந்தது.

"கம்பி சிக்கல. இன்னொரு சுத்து வாரேன்."

பொறி அலறியது. ஊர்தி முனையைத் தாண்டி, வயிறு தண்ணீரில் பட்டுவிடும்போல் ஒரு கணம் தாழ்ந்து, பிறகு சளைத்த பறவை மாதிரி மேலே ஏறியது. சுற்றி வந்தது. இரண்டாம் முறை கடைசிக் கம்பியில், கோணலாக, பார்க்கச் சகிக்காமல் மாட்டிக்கொண்டு நின்றது. பூரணராக இருந்த காலத்தில் தொம்மை அப்படி ஓர் இறக்கத்தைப் பார்த்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பார்.

பெல்சி பிள்ளையோடு இறங்கினாள். "என்னப்பா, கப்பலைச் சுத்திக் காட்டுனான்! இவ கண்ணே முழிக்கல பாத்தீயளா?" பிரகாசி பின்னால் இறங்கி, கம்பிகளை ஒருமுறை பார்த்தாள். "போர்வை எங்க?" என்றாள்.

பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டதும் தொம்மைக்குத் தைரியம் வந்துவிட்டது. தைரியம் வந்தால் அடுத்து வருவது பெருமை. எத்தனை பேர் முன்னால் விழுந்தார், எவ்வளவு மானத்தை விட்டார், அதற்கு ஒரு சாட்சி வேண்டாமா? பிள்ளையோடும் கோமதியோடும் மேற்பார்வை அறைக்குப் போய் வானொலியைத் திறந்தார்.

"வலவன், இன்னைக்கு ஏன் ஓடிப்போகாம நின்ன? நான் விழுந்து விழுந்து காட்டுனதைப் பாத்துத்தான?"

"நேராச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றது வலவன்.

தொம்மை மெல்லத் திரும்பிக் கோமதியைப் பார்த்தார். கோமதி மேசைக்கடியில் விழுந்த பொத்தானை மும்முரமாகத் தேட ஆரம்பித்திருந்தாள். அவள் காது சிவந்திருந்தது.

"நீங்க விழுந்ததை நான் பாக்கல. மொத தடவை விழுந்ததுமே உங்க பேரு கீழ போயிருச்சு. மொத இடத்துக்காரங்ககிட்டதான் நான் படிக்கணும். இப்ப அது சுண்டெலி. அவங்க கம்பி சிக்கலைன்னா சுத்தி வருவாங்க. விழுந்தா விழுந்ததுன்னு இருப்பாங்க. வெளியேறு பொத்தான் எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியாது."

"அது லைட்டு சுவிச்சுன்னு நெனச்சேன்" என்றாள் கோமதி மேசைக்கடியிலிருந்து.

"அப்ப மத்தியானம் முழுக்க நான் விழுந்தது?"

"வீண்."

பேத்தி கொட்டாவி விட்டது. தொம்மை அதன் தலையைத் தடவிக்கொண்டே, கடைசியாக ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப எம் பேத்தியைக் காப்பாத்துனதுல என் பங்கு ஒண்ணுமே இல்லியா?"

"இருக்கு அண்ணாச்சி" என்றது வலவன். "நீங்க மொத இடத்தை விட்டுப் போனீயள்லா, அதுதான்."